சப்பரத்துக்குப் பின்னால் ஒரு ஒத்திகை நடை

வேளாங்கண்ணிக்கு நான் பல தடவை போயிருக்கிறேன். எல்லாமே பஸ்ஸில். எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து நடந்து போகிறவர்கள் கிளம்பி ஒரு வாரத்துக்கு மேல் ஆன பிறகு நான் சாவகாசமாக பஸ் ஏறுவேன். அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, எலுமிச்சம்பழச் சாறு கரைத்த குடத்தோடு ஊர் எல்லையில் நிற்பேன். காவித் துணி வெளுத்து, முகம் கறுத்து, பாதம் வீங்கி அவர்கள் வருவார்கள். கட்டிப்போன தொண்டையில் "மரியே வாழ்க" என்று கத்துவார்கள். "செலின் அக்கா கை ஜூஸ் மாதிரி வராது" என்று டம்ளரை நீட்டுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். நான் ஆசைப்பட்டது அந்தப் பாராட்டுக்கு இல்லை, அந்த அழுக்குக் காலுக்கு.

இளம்பிள்ளை வாதம் வந்து என் இடது கால் சூம்பிப்போனது. வலதைவிடக் கொஞ்சம் குட்டை. அதற்காக வீட்டில் உட்கார்ந்திருப்பவள் இல்லை நான். தினமும் கரையான்சாவடியில் ஒரு பள்ளிக்கூட ஆபீசுக்கு பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போய் வருகிறேன். மார்க்கெட்டுக்குப் போகிறேன், ரேஷன் க்யூவில் நிற்கிறேன். மெதுவாக நடப்பேன், அவ்வளவுதான். அப்போதெல்லாம் யாருக்கும் ஞாபகம் வராத என் கால், நடைப்பயணம் என்று பேச்சு எடுத்ததும் எல்லாருக்கும் ஞாபகம் வந்துவிடும்.

நேர்ச்சை ஏதும் இல்லை. ஆசைதான். ஆசைக்கு யார் காரணம் கேட்பது?

தொண்ணூறுகள் பிறந்த புதிது அது. குவார்ட்டர்ஸ் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே அந்த வருஷத்துக் கூட்டம் நடந்தது. தலைவர் அருளப்பன். டாங்கி செய்யும் தொழிற்சாலையில் ஃபோர்மேன், திருச்சிக்காரர். சட்டைப் பித்தான் முதல் சைக்கிள் மணி வரை எல்லாம் ஒழுங்காக இருக்கவேண்டும் அவருக்கு. போன வருஷம் பெரிய ரோட்டில் ஒரு லாரி எங்கள் ஆள் ஒருவரின் தோள்பையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. பை போயிற்று, ஆள் தப்பினார். அதனால் இந்த வருஷம் பெரிய ரோடே வேண்டாம், ஸ்ரீபெரும்புதூர், வாலாஜாபாத், உத்திரமேரூர் என்று உள்பக்கமாகவே ஆள் நடமாட்டம் குறைந்த சாலைகளில் போவோம் என்று முடிவானது. பாதை புதிது என்பதால் முதலில் இரண்டு நாள் ஒத்திகை, ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும்.

அருளப்பன் விதிகளைச் சொன்னார். முதல் விதியை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

"மாதா சப்பரத்துக்கு முன்னாடி யாரும் போகக்கூடாது. கயிறு பிடிச்சு இழுக்கிறவங்களைத் தவிர ஒருத்தரும் போகக்கூடாது. டீ குடிக்கக்கூட முன்னாடி ஓடக்கூடாது. போன வருஷம் பாதிப் பேர் மாதாவை விட்டுட்டு பரோட்டா கடையில உட்கார்ந்திருந்தீங்க."

நான் கையைத் தூக்கினேன். "அண்ணே, இந்த வருஷம் நானும் வர்றேன்."

எல்லாரும் என் காலைப் பார்த்தார்கள். அருளப்பன் தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, நீங்க சிதம்பரம் வரைக்கும் பஸ்ல வந்து சேர்ந்துக்கங்களேன்."

"முடியாது."

"எல்லாருக்கும் அளந்துதான் லீவு. கொடியேற்றத்துக்குள்ள போய்ச் சேரணும். நீங்க பின்தங்கினா..." என்று இழுத்தார். கடைசியில், "சரி, ஒத்திகைக்கு வாங்க. வண்டி ஏறாம, எங்களோட சேர்ந்து ரெண்டு நாளும் நடந்துட்டீங்கன்னா வேளாங்கண்ணிக்கும் வரலாம். இல்லைன்னா மனசு சங்கடப்படக்கூடாது" என்றார். ஒத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து வேலை முடிந்து வரும்போது இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்து பழகினேன். இடது செருப்புக்கு அடியில் இன்னொரு அட்டை ஒட்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் சவரிமுத்து இதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அவர் தூத்துக்குடிப் பக்கம், அதே தொழிற்சாலையில் வெல்டர். வீட்டுக்குப் பின்னால் அவரும் அவர் சிநேகிதர்களும் புதுச் சப்பரம் செய்துகொண்டிருந்தார்கள்.

டாங்கி செய்கிறவர்களிடம் சப்பரம் செய்யச் சொன்னால் என்ன ஆகும் என்று முன்பே யோசித்திருக்கவேண்டும். அம்பத்தூர் பழைய இரும்புக் கடையிலிருந்து ஆங்கிள் வந்தது. ஒருவர் அடியில் கனமான தகடு போட்டார். ஒருவர் ஸ்பிரிங் வைத்தார். ஒருவர் பேரிங் கொண்டுவந்தார். நாலு குட்டி டயர், ட்யூப்லைட், அதற்கு பேட்டரி, மேலே குழாய் ஸ்பீக்கர். மாதா சொரூபம் என்னவோ என் முழங்கை உயரம்தான். சப்பரத்தை ஆளுக்கொரு தடவை உதைத்துப் பார்த்து, "அசையலை பாத்தியா!" என்று சந்தோஷப்பட்டார்கள். அசைவதற்காகச் செய்தது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

பின்பக்கம் துணி போட்டு மூடிய ஒரு மேடை இருந்தது. "இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"பேட்டரி வைக்க" என்றார் இவர், என் முகத்தைப் பார்க்காமல்.

ஒரு சனிக்கிழமை விடிவதற்குள் கிளம்பினோம். குவார்ட்டர்ஸ் தார் ரோட்டில் சப்பரம் ராஜா மாதிரி போனது. சைரன் இல்லாத அந்த நேரத்தில் ஸ்பீக்கர் அலறியதும், ஒவ்வொரு வாசலிலும் தலைகள் எட்டிப் பார்த்தன. கயிறு இழுத்தவர்களில் முதல் ஆள் டேவிட். அண்ணனூர் ரயில் ஷெட்டில் ஃபிட்டர், புராட்டஸ்டண்ட். "நீ எப்படி இதில்?" என்று யாரோ கேட்டதற்கு, "மாதாவுக்கும் எனக்கும் ஒரு தகராறும் கெடையாது அண்ணாத்தே. நடக்கறதுக்கு இன்னா சபை கீது?" என்றான்.

பட்டாபிராம் தாண்டும் வரை நான் அவர்களோடு இருந்தேன். திருநின்றவூர் வந்தபோது ஜெபமாலைச் சத்தம் மட்டும் காதில் விழுந்தது. பட்டணத்துக்கு வேலைக்குப் போகிற கூட்டத்தோடு ஒரு மின்சார ரயில் என்னைக் கடந்து போனது. வாசலில் தொங்கிய ஒருவர் என் காவிப் புடவையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். தனியாக நடக்கிறவளுக்கு அது பெரிய தெம்பு.

டீக்கடைக்கு நான் போனபோது பெஞ்சில் ஈரமான கிளாஸ்கள்தான் இருந்தன. கடைக்காரர், "உங்க ஆளுங்க இப்பத்தான் போனாங்க, ஓடினா புடிச்சிரலாம்" என்றார். நான் உட்கார்ந்து நிதானமாக ஒரு டீயும் பன்னும் சாப்பிட்டேன். ஓட முடியாதவளுக்கு அவசரம் எதற்கு?

ரோட்டை விட்டு உள்ளே திரும்பியதும் உலகம் வேறாகிவிட்டது. இரண்டு பக்கமும் நாற்றங்கால், வேலிக்காத்தான், நடுவில் சிவப்பு மண் பாதை. எங்கள் குவார்ட்டர்ஸில் எந்த நேரமும் ஏதாவது ஒரு இரும்பு இன்னொரு இரும்பை இடித்துக்கொண்டிருக்கும். இங்கே என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. ஒரு கால் ஒரு மாதிரி, இன்னொன்று வேறு மாதிரி. இத்தனை வருஷத்தில் என் நடையை நானே காது கொடுத்துக் கேட்டது அன்றைக்குத்தான். கேட்கச் சகிக்காமல் ஒன்றும் இல்லை.

நாவல் மரத்தடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் என்னை நிறுத்தினாள். "கூட்டம் எல்லாம் அப்பவே பூட்ச்சே, நீ இன்னா தனியா வர்ற?"

"அவங்க போகட்டும்மா. நான் வேளாங்கண்ணிக்குப் போறேன். இன்னைக்கு ஒத்திகை."

"கூத்து ஆடறவங்கதான் ஒத்திகை பாப்பாங்க. நடக்கறதுக்குமா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் காலைப் பார்த்தாள். "ஐயோ பாவம்" என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். "அந்தக் கல்லு மேல குந்து" என்றாள். மடியிலிருந்து ஒரு கை நாவல்பழம் எடுத்துப் போட்டாள். வேளாங்கண்ணி எங்கே இருக்கிறது, கடல் எப்படி இருக்கும் என்று கேட்டாள். கடலை அவள் பார்த்ததே இல்லையாம். போய்விட்டு வந்து சொல்கிறேன் என்றேன். "சொல்லணும், மறந்துறாத" என்றாள்.

நேமம் ஏரிக்கரைப் புளிய மரத்தடிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் சாப்பிட்டுப் படுத்திருந்தார்கள். எனக்கென்று எலுமிச்சை சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் எடுத்து வைத்திருந்தார்கள். அருளப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என் நாக்கைப் பார்த்தார்.

"வழியில நின்னு நாவல்பழம் சாப்பிட்டீங்களா தங்கச்சி?"

"உட்கார்ந்து சாப்பிட்டேண்ணே."

அவர் சிரிக்கவில்லை. நான் சோற்றை வாயில் போடுவதற்குள் மற்றவர்கள் எழுந்து துண்டை உதற ஆரம்பித்தார்கள். எல்லாரும் ஓய்வெடுத்துக் கிளம்பும் நேரம், எனக்கு உட்காரும் நேரம். இதுதான் என் கஷ்டம். அதே தூரத்தை நானும் நடக்கிறேன், ஆனால் அவர்களுக்குக் கிடைக்கும் நிழல் எனக்குக் கிடைப்பதில்லை.

அப்போதுதான் இவர் என்னைச் சப்பரத்துக்குப் பின்னால் கூப்பிட்டார். சுற்றிலும் பார்த்துவிட்டு அந்த மேடையின் துணியைத் தூக்கினார். பேட்டரி அங்கே இல்லை. பஞ்சு வைத்துத் தைத்த மெத்தை, கால் வைக்க ஒரு பலகை, சாய்ந்துகொள்ள முதுகுக்குப் பின்னால் வளைத்த குழாய். எனக்காக அளவெடுத்துச் செய்த நாற்காலி.

"ஏளா, ஏறி இரி. திரையைப் போட்டுட்டா ஒருத்தருக்கும் தெரியாது."

எனக்கு வந்த கோபத்தில் சோற்றுப் பொட்டலத்தை அவர் மேலேயே போட்டிருப்பேன். "பொட்டலம் மாதிரி என்னையும் கட்டி ஏத்திக்கிட்டுப் போறதுக்கா இத்தனை நாள் வெல்டிங் அடிச்சீங்க? மாதா முன்னால உட்கார்ந்திருக்கா, பின்னால நானா?"

"நீ காலைப் பிடிச்சுக்கிட்டு ராத்திரி முனங்குதது எனக்குத்தானளா கேக்கும்" என்றார். "ஒனக்கு வலிச்சா எனக்குத் தாங்கல."

அழுகை வந்தது. ஏரித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். நாற்காலி காலியாகவே வந்தது.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கோடை மழை மாதிரி திடீரென்று கொட்டிவிட்டு நின்றது. ஏரியை ஒட்டிய மண்பாதை களியாகிவிட்டது. நான் பின்னால் தட்டுத்தடுமாறி வந்தபோது, முன்னால் போயிருக்கவேண்டிய கூட்டம் ஒரு வளைவில் அப்படியே நின்றிருந்தது. சப்பரத்தின் பின்சக்கரம் இரண்டும் சேற்றுக்குள். வெல்டர், மெஷினிஸ்ட், ஃபிட்டர், ஃபோர்மேன் என்று ஒரு தொழிற்சாலையே தோள் கொடுத்தும் அசையவில்லை. ஸ்பீக்கர் மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

ஏர் மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு விவசாயி நின்று வேடிக்கை பார்த்தார். "இன்னாய்யா இது, இவ்ளோ கனம்? உள்ள யார்னா படுத்துக்கினு வர்றாங்களா?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் மாட்டைப் பார்த்தார்.

"வண்டின்னா மண்ணு தாங்கணும் நைனா. நீங்க மண்ணைப் பாக்காம வண்டியைச் செஞ்சுட்டு வந்துகீறீங்க" என்று சொல்லிக்கொண்டே அந்த மனிதர் மாட்டைச் சப்பரத்தில் பூட்டினார். ஒரே இழுப்பில் சப்பரம் வெளியே வந்தது. மாடு எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த கிராமத்தில் ஓட்டுக்கூரை போட்ட ஒரு சின்ன மாதா கோயில். அங்கேதான் தங்கல். கைப்பம்புத் தண்ணீர் அவ்வளவு ருசி. குவார்ட்டர்ஸ் குழாயில் வருவதற்குத் துரு வாசம்தான் உப்பு, காரம் எல்லாம். ஊர்க்காரர்கள் சுடச்சுடச் சோறும் கத்தரிக்காய் குழம்பும் கொடுத்தார்கள். சாப்பிட்ட கையோடு ஆண்கள் சப்பரத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பேட்டரி, ஸ்பீக்கர், அடித் தகடு எல்லாம் கழன்று கோயில் சுவரோரம் போயிற்று. கடைசியில் பின் மேடை. அது வெல்டிங் அடித்தது, கழற்ற முடியாது. ஊரில் யாரிடமோ ஒரு ஹாக்ஸா ரம்பம் வாங்கி வந்தார்கள்.

"நானே அறுக்கேன்" என்றார் இவர். வேறு யாரையும் தொட விடவில்லை. மெத்தையை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, தான் ஒட்டிய ஒவ்வொரு இடத்தையும் தானே அறுத்தார். நான் எதிரில் உட்கார்ந்து விளக்கைப் பிடித்தேன். உட்காரும் பலகை போனது, கால் பலகை போனது. முதுகுக் குழாயில் கை வைத்தபோது ப்ளேடு படக்கென்று முறிந்தது. "இருக்கட்டும், அது ஒண்ணும் கனமில்லை" என்றார் அருளப்பன்.

படுக்கப் போகுமுன் அவர் என்னிடம் வந்தார். "நாளைக்குப் பார்க்கலாம் தங்கச்சி" என்றார். குரல் மென்மையாக இருந்தது. அந்த மென்மைதான் எனக்குப் பயமாக இருந்தது. முடிவு பண்ணிவிட்டார் என்று தெரிந்துவிட்டது. மெத்தையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, இந்த வருஷமும் எலுமிச்சம்பழம்தானா மாதாவே என்று கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன்.

மறுநாள் காலையில் சப்பரம் ஆள் மாறிவிட்டது. கயிறே தேவையில்லை. பின்னாலிருந்து ஒரு ஆள் தள்ளினால் போதும். டேவிட் முதலில் தள்ளினான். பழக்கதோஷத்தில் பலம் எல்லாம் போட்டுத் தள்ளினான். கனம் குறைந்த வண்டி பாய்ந்து ஓடி வாய்க்கால் பக்கம் சரிந்தது. மாதா சொரூபம் சாய, பெண்கள் எல்லாரும் "ஐயோ" என்று கத்தினோம். அடுத்து ஒருவர், அடுத்து இன்னொருவர். யார் தள்ளினாலும் வண்டி ஓடியது, மாதா ஆடினாள். அவர்கள் கைக்கு மெதுவாகத் தள்ளத் தெரியவில்லை.

வண்டி நின்று நின்று போனதால் நான் அவர்களைப் பிடித்துவிட்டேன். "நகருங்க, நான் பார்க்கிறேன்" என்றேன். யோசித்துச் சொன்னது இல்லை. மாதா விழுந்துவிடப்போகிறாளே என்ற பதைப்பு.

அறுபடாமல் நின்ற அந்த முதுகுக் குழாய் சரியாக என் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. என் அளவுக்குச் செய்தது அல்லவா! இரண்டு கையாலும் பிடித்தேன். இடது கால் எடுத்து வைக்கும்போது உடம்புப் பாரம் குழாயில் இறங்கியது. வலது கால் வைக்கும்போது வண்டி நகர்ந்தது. ஒரு எட்டு, இன்னொரு எட்டு. சொரூபம் ஆடவில்லை. எனக்கும் நேற்று இடுப்பில் ஏறிய வலி இன்று ஏறவில்லை. நாற்காலியாக வேண்டாம் என்று நான் விரட்டியது, கைப்பிடியாக வந்து கைகொடுத்தது.

கொஞ்ச தூரம் போனதும் அருளப்பன் பக்கத்தில் வந்தார். "தங்கச்சி, கொஞ்சம் எட்டிப் போடலாமே?"

"எட்டிப் போட்டா மாதா ஆடுறாங்கண்ணே."

அவர் கால் வேகமான கால், சும்மா இருக்குமா? தன்னை அறியாமல் இரண்டு எட்டு முன்னால் போய்விட்டார்.

"அண்ணாத்தே!" என்று பின்னாலிருந்து டேவிட் கத்தினான். "மாதாவுக்கு முன்னாடி யாரும் போக்கூடாதுன்னு நீதானே சொன்னே!"

கூட்டம் முழுக்கச் சிரித்தது. அருளப்பன் காது சிவக்கப் பின்வாங்கி என் பின்னால் வந்து நின்றார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. என் முதுகுக்குப் பின்னால் எல்லாரும் இருந்தார்கள். வேகமாக நடக்கிறவர்கள், லீவை எண்ணுகிறவர்கள், நேற்று எனக்கு முன்னால் சாப்பிட்டு முடித்தவர்கள், ஒருவர் பாக்கி இல்லாமல். திரும்பிப் பார்க்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜெபமாலையைச் சத்தமாக ஆரம்பித்தேன். நேற்று முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகக் கேட்ட ஜெபம் இன்று ஒரே குரலாகக் கேட்டது.

இவர் என் பக்கத்திலேயே வந்தார். "வலிக்கா?" என்று மெல்லக் கேட்டார்.

"வலிக்குது. நேத்து மாதிரி இல்லை."

அவர் அந்தக் குழாயை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, "நல்லவேளை ப்ளேடு முறிஞ்சுது" என்றார்.

ஸ்ரீபெரும்புதூருக்கு மதியத்துக்குள் போய்விடவேண்டும் என்பது அருளப்பன் கணக்கு. நாங்கள் போனபோது பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் வருமே, அந்த நேரம் ஆகிவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் ஹோட்டலில் கூட்டமாகப் புகுந்து பூரிக்கிழங்கு சொன்னோம். நேற்று சாயங்காலம் நொண்டிக்கொண்டு வந்த இரண்டு பெரியவர்கள் இன்று நிமிர்ந்து உட்கார்ந்து ஆளுக்கு இரண்டாவது செட் கேட்டார்கள். யார் காலிலும் புதுக் கொப்புளம் இல்லை. அருளப்பன் மட்டும் சாப்பிடாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பூரியைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன். நேரம் ஆகிவிட்டது என்பது உண்மைதானே. இந்த வேகத்தில் போனால் கொடியேற்றம் தவறும், அதை அவர் சொன்னால் நான் என்ன பதில் சொல்ல முடியும்?

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி."

"சொல்லுங்கண்ணே."

"ரெண்டு நாளும் வண்டி ஏறலை. சேர்ந்து நடக்கணும்னேன், இன்னைக்குச் சேர்ந்துதான் நடந்தோம். நேத்து நாங்கதான் சேர்ந்து நடக்கலை." டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து வைத்தார். "உங்க நடைக்கு வேளாங்கண்ணி போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்? அதை வச்சுத்தான் நான் எல்லாருக்கும் லீவு கேக்கணும், அதுக்குத் தகுந்த மாதிரி முன்னாடியே கிளம்பணும்."

"நீ எவ்வளவு தூரம் நடப்பாய்?" என்று ஆயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள். என் நடையை வைத்து ஒரு ஊரின் தூரத்தை யாரும் கேட்டதில்லை. மேஜைக்கு அடியில் என் கால்களைப் பார்த்தேன். சிவப்பு மண்ணும் களியும் காய்ந்து, இரண்டு பாதமும் ஒரே நிறத்தில், கணுக்கால் வரைக்கும் அழுக்கு.

விரல்களை மடக்கி எண்ண ஆரம்பித்தேன். அருளப்பன் காத்திருந்தார்.